எனக்குச் சோடி நின்ற பாலம்மா

இந்த வருடம் போனைத் திறந்தால் அமெரிக்கத் தேர்தல்தான். அங்கே ஜனாதிபதிக்கு நிற்கிறவர் தனக்குப் பக்கத்தில் உப ஜனாதிபதியாக நிற்க ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டுமாம். எந்தப் பக்கத்து ஆள், ஆணா பெண்ணா, யாருடைய வாக்கைக் கொண்டு வருவார் என்று கோட்டுச் சூட்டுப் போட்டவர்கள் மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள். எங்கள் நாட்டில் அந்தத் தொல்லை இல்லை. இந்த முறை முழத்துக்கு மேல் நீளமான வாக்குச்சீட்டுத் தந்தார்கள், அத்தனை பெயரில் ஒருவருக்காவது பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் எங்கள் கரையில் உண்டு. எங்கள் மாதர் சங்கத்தில் தலைவருக்கு நிற்கிறவள் உபதலைவருக்கு நிற்கிறவளையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். சங்க விதிகளை எழுதி வைத்த யாப்பில் அப்படி இல்லை, பழக்கம். அதைச் சோடி என்போம். ஆகவே இந்த விஷயத்தில் அமெரிக்காக்காரருக்குச் சொல்ல என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது.

என் பெயர் கிறிஸ்ரினா. வங்காலைக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் கிராமம். ஊர்ப் பெயரை எழுதவில்லை, எழுதினால் படலைக்கே சண்டைக்கு வருவார்கள். காலையில் கரையில் நண்டு கழற்றுகிறேன், பிறகு கருவாடு போட்டு விற்கிறேன். எனக்குக் குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது என்று என் மனிசன் அருள்நேசன் சொல்வார். சொல்லிவிட்டு உடனே கடலுக்குப் போய்விடுவார்.

எங்கள் வேலையைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. படகுகள் விடியற்காலை வலையோடு கரைக்கு வரும். வலை முழுக்க நண்டு சிக்கியிருக்கும். கால் ஒடியாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கால் ஒடிந்த நண்டைக் கம்பனிக்காரர் எடுக்க மாட்டார்கள். இது பெண்களின் வேலை. ஐந்து மணிக்கு மணலில் குந்தினால் எழும்ப மதியமாகும். கரையில் ஒரு ஓலைக் கொட்டகை இருந்தது. ஊர்ப் பெண்கள் அதற்குள் இருப்போம். வெளியே வெயிலில் ஐம்பது வீட்டுப் பெண்கள் இருப்பார்கள். அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

ஐம்பது வீடு என்பது ஊருக்குப் பின்னால் வயல் பக்கமாக இருக்கிற குடியேற்றம். கலவரங்களுக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். இப்போது எழுபது வீட்டுக்கு மேல் இருக்கும், பெயர் மட்டும் ஐம்பதிலேயே நிற்கிறது. வந்து நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் எங்கள் வாயில் அவர்கள் 'வந்த ஆக்கள்'தான். சங்கத்தில் நூற்றிப்பன்னிரண்டு அங்கத்தவர். அதில் நாற்பத்தொரு பேர் ஐம்பது வீட்டார்.

ஒன்பது வருடமாகத் தலைவராக இருந்தவர் கொறற்றி அக்கா. அவருடைய மனிசன் ஊரில் பெரிய சம்மாட்டி, ஐந்து படகு. நல்ல மனுசிதான், ஒரு செத்தவீடென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் சங்கத்தைத் தன் வீட்டு அலுமாரிபோல வைத்திருந்தார், திறப்பு அவருடைய இடுப்பில். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் நான் அவரை எதிர்த்து நின்று மூக்குடைபட்டேன். அறுபது கை எனக்காக உயரும் என்று எண்ணி வைத்திருந்தேன், உயர்ந்தது முப்பத்தொன்று. கை உயர்த்தாதவர்களோடு அன்றோடு கதைப்பதை விட்டேன். டினோஜா என்று ஒரு பிள்ளை, என்னிடம் தையல் பழகினவள், கோவிலில் பூசை நேரம் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது என் பக்கம் கை நீட்டினாள். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பூசையிலேயே அப்படி நடந்துகொண்டவள் நான்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று தை மாதம் மறுபடி நிர்வாகத் தெரிவு வந்தது. இந்த முறை ஐம்பது வீட்டு வாக்கு இல்லாமல் வெல்ல முடியாது என்று எனக்கு விளங்கியிருந்தது. ஆகவே அங்கேயிருந்து ஒரு சோடி வேண்டும். யாரைப் பிடிப்பது என்று என் ஆட்களோடு இருந்து யோசித்தோம். ஒருத்தி கெட்டிக்காரி, ஆனால் கேள்வி கேட்பாள். இன்னொருத்தி படித்தவள், ஆனால் பிறகு தானே தலைவர் என்பாள். கடைசியில்தான் பாலம்மாவின் பெயர் வந்தது. சரியான ஆள் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். காரணம், வாக்கு வரும், வாய் திறக்காது. உபதலைவரைத் தெரிவு செய்ய நாங்கள் வைத்த தகுதி அவ்வளவுதான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பாலம்மாவைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது கையளவு. எழுபத்தேழு கலவரத்தில் அவருடைய அப்பா காத்தமுத்து ஐந்து வயதுப் பிள்ளையான அவரைக் கழுத்தில் வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு ஓடிவந்தவர். லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்துக் காட்டில் இறக்கி விட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வயலில் களை பிடுங்கி, கல் உடைத்து, சண்டையில் இரண்டு தரம் இடம்பெயர்ந்து, பாம்பு கடித்து மனிசன் செத்த பிறகு ஒற்றை மகள் நிஷாந்தியை வளர்த்தெடுத்தவர். நண்டு கழற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் கை பட்ட நண்டுக்கு ஒரு கால் ஒடிந்து நான் கண்டதில்லை. என்னைவிட நாலு வயது மூப்பு. ஆனாலும் என்னை அக்கா என்பார். நான் அவரை நீ என்பேன். ஊர் வழக்கம் என்று அதைப் பற்றி ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

கேட்கப் போன அன்று முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோடரியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் எதுக்குங்க அக்கா?"

"உன்னை எல்லாருக்கும் பிடிக்கும் பாலம்மா. நீ பக்கத்தில நிண்டாக் காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

"நின்னா மட்டும் போதுமா?" என்று கேட்டுவிட்டுக் கொத்திய விறகை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "அந்தப் புதுக் கொட்டகையில என்னங்க கட்டப் போறீங்க?"

அது அந்த வருடத்துப் பெரிய விஷயம். ஒரு நிறுவனம் சங்கத்துக்குத் தகரக் கூரையோடு புதுக் கொட்டகை கட்டித் தர முன்வந்திருந்தது. கொட்டகையோடு சேர்த்து இன்னும் ஒரு சின்னக் கட்டடத்துக்கும் காசு காணும். என்ன கட்டுவது என்பதைப் புது நிர்வாகம் தீர்மானிக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். கொறற்றி அக்கா சங்க அலுவலுக்கு ஒரு கந்தோர் அறை என்று சொல்லியிருந்தார். மறைப்பானேன், நானும் கந்தோர் அறையைத்தான் நினைத்திருந்தேன். மேசை, சுழலும் கதிரை, சுவரில் தலைவர்களின் பெயர்ப் பலகை. அந்தப் பலகையில் என் பெயர்.

"கந்தோர்தான்" என்றேன்.

"அப்ப நான் நிக்க மாட்டேங்க. கக்கூஸ் கட்டுவீங்கன்னா நிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கத் தலைவருக்கு நிற்கிறவள் கக்கூசைச் சொல்லியா வாக்குக் கேட்பது? அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் நிஷாந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பெற்று மூன்று மாதமாகியிருந்தது, மெலிந்து போயிருந்தாள்.

"இவ ஏழு மாசத்தில நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில கிடந்தா. புள்ள நேரத்தோட பொறந்துச்சு. தப்பினதே பெரிசு. தண்ணி குடிக்கலன்னு டாக்டரம்மா ஏசினாங்க. எப்படிங்க குடிக்கிறது? குடிச்சா எங்க போறது? விடிஞ்ச பொறகு கரையில ஒரு மறைவு இருக்கா? அஞ்சு மணியிலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும் நாக்கு ஒட்டிப்போய்த்தான் உக்காந்திருக்கோம். உங்க ஆளுங்களுக்கு வீடு கிட்ட. ஓடிப் போய் வந்துருவாங்க. எங்களுக்கு ரெண்டு மைல்."

இருபது வருடமாக அதே மணலில் இருக்கிறேன். வெளியே இருக்கிறவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் பெண்களும் அதிகம் குடிப்பதில்லை. சம்மாட்டியின் வலையை இடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினால் பேச்சு விழும்.

கந்தோர் அறை ஆசையைக் கைவிட எனக்கு மூன்று நாள் பிடித்தது. மூன்றாம் நாள் போய் "சரி" என்றேன். பெரிய தியாகம் செய்த நினைப்பு வேறு எனக்கு.

அதற்குப் பிறகு வாய் திறக்காத அந்த மனுசி வாய் திறக்கத் தொடங்கினார். என்னிடம் பதினான்கு வாக்குறுதி இருந்தது, நிறக் கடதாசியில் அச்சடித்து வைத்திருந்தேன். "இதெல்லாம் யாருக்குங்க ஞாபகம் இருக்கும்? ஒண்ணச் சொல்லுவோம்" என்றார். கோபம் வந்து கடதாசியை மேசையில் அடித்தேன். அவர் அசையாமல் இருந்தார். நான் அடித்து முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"போன தடவ எத்தன பேரு உங்களுக்குக் கை தூக்குவாங்கன்னு நினைச்சீங்க?"

"அறுபது."

"தூக்கினது?"

"முப்பத்தொண்டு. மிச்சமெல்லாம் நன்றி கெட்ட சனம்."

"நான் கடைசி வரிசையில இருந்து பாத்தேங்க. நெறைய கை பாதிக்கு மேல வந்துச்சு. அப்புறம் தலையச் சொறிஞ்சுட்டு கீழ போயிருச்சு. கொறற்றி அம்மா முன்னுக்கு உக்காந்து திரும்பித் திரும்பிப் பாத்தாங்கல்ல? அவங்க படகுல வேல செய்றவ எப்படித் தூக்குவா? அடுத்த நாள் வலை கிடைக்குமா அவளுக்கு?"

இரண்டு வருடமாக நான் துரோகிகள் என்று திட்டித் தீர்த்தவர்கள் எல்லோரும் எனக்குத்தான் கை தூக்கப் பார்த்திருக்கிறார்கள். ஏன் இறக்கினீர்கள் என்று ஒருத்தியிடமாவது நான் கேட்கவில்லை. என் கண் எப்போதும் சத்தம் போடுகிறவர்களில்தான் இருந்தது. கடைசி வரிசையில் இருந்தவருக்குத்தான் முழு மண்டபமும் தெரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரை நீங்கள் என்று சொன்னேன்.

"இப்ப என்ன செய்வம்? நீங்கள் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் சங்கத்தின் யாப்பை எடுத்தார். அது என் கையால் எழுதியது. நாலு வருடம் செயலாளராக இருந்தபோது நானே பிரதி எடுத்துக் கொடுத்தது. நிஷாந்தியை விட்டு இரவல் வாங்கி, ஒவ்வொரு பிரிவாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் பிரிவில் இருந்தது: அங்கத்தவரில் மூன்றில் ஒரு பங்கினர் பத்து நாளுக்கு முன் எழுத்தில் கேட்டால் தெரிவு இரகசிய வாக்கெடுப்பாக நடக்க வேண்டும். கை வலிக்க வலிக்க நான் எழுதிய வசனம். ஒரு எழுத்து என் மண்டைக்குள் ஏறவில்லை.

முப்பத்தெட்டுக் கையெழுத்து வேண்டும். ஐம்பது வீட்டில் பாலம்மா வீடு வீடாகப் போய் முப்பத்தாறு எடுத்துவிட்டார். மிச்ச ஐந்து பேர் பயந்துவிட்டார்கள், அவர் வற்புறுத்தவில்லை. இரண்டு கையெழுத்து ஊருக்குள் வேண்டும். என் நெருங்கின ஆட்களில் இரண்டு பேரை வைத்து முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"உங்க ஆளு கையெழுத்து வச்சா சண்டைன்னுவாங்க. கொறற்றி அம்மா படகுல வேல செய்றவ வச்சாத்தான் மத்தவங்களுக்குத் தைரியம் வரும். டினோஜாகிட்டப் போங்க. நீங்கதான் போகணும்."

என் வாழ்க்கையில் நான் நடந்த மிக நீளமான நடை அந்த ஒழுங்கையின் நூறு யார் தூரம்தான். டினோஜா கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. "பிள்ளை, நான் பிழை விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழுதது நான். கடதாசியை வாங்கி வாசித்தாள். எதற்கு என்று கேட்டாள். கொட்டகையோடு கக்கூஸ் என்றேன். மறு பேச்சில்லாமல் கையெழுத்து வைத்தாள், பக்கத்து வீட்டுக்குப் போய் இன்னொன்றும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இதை முதலே சொல்லியிருந்தா அந்த முறையே தூக்கியிருப்பன் அக்கா. கை முறிஞ்சாலும் தூக்கியிருப்பன்" என்றாள்.

தெரிவு ஒரு சனிக்கிழமை பின்னேரம். முழுநிலவுக்கு அடுத்த நாள். நிலவு நாளில் நண்டில் சதை இராது, வேலையும் குறைவு. அதனால் எங்கள் கூட்டங்களை அந்த நாட்களில் வைப்பதுதான் வழக்கம். பொதுநோக்கு மண்டபத்தில் நூற்றியாறு பேர். தெரிவை நடத்த அரசாங்கக் கந்தோரிலிருந்து இன்பாஸ் என்ற இளம் உத்தியோகத்தர் வந்திருந்தார். இரகசிய வாக்கெடுப்பு என்று அவர் அறிவித்தபோது பின்பக்கத்தில் ஒரு சலசலப்பு எழும்பி அடங்கியது. கொறற்றி அக்கா முகம் மாறவில்லை. அவர் லேசுப்பட்ட ஆளில்லை. எழும்பி நின்றார், சிரித்த முகம்.

"எனக்கொரு யோசினை. கிறிஸ்ரினா ஐம்பது வீட்டு ஆக்களுக்கு இடம் குடுக்கோணும் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. பிறகேன் பாலம்மாவை உபதலைவருக்கு நிப்பாட்டுவான்? தலைவருக்கே நிப்பாட்டலாமே? பாலம்மா நிக்கிறதெண்டா நானே பிரேரிக்கிறன்."

கைதட்டல் விழுந்தது. ஐம்பது வீட்டுப் பக்கத்தில்தான் பலமாக. கணக்கு எனக்கு உடனே விளங்கியது. பாலம்மா தலைவருக்கு நின்றால் எங்கள் வாக்கு இரண்டாகப் பிரியும், கொறற்றி அக்கா நடுவால் நடந்து போய்க் கதிரையில் இருப்பார். கந்தோர் அறை எழும்பும். ஆனால் பாலம்மாவை நான் எப்படிக் குறை சொல்வது? நாற்பத்தைந்து வருடத்தில் முதன்முதலாக ஒருவர் அந்தச் சனத்தைப் பார்த்து, தலைவராக வாருங்கள் என்று சபையில் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல எந்த மனதுக்கு வரும்? நான் அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலம்மா எழும்பினார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"கொறற்றி அம்மாவுக்கு நன்றிங்க. என்னையும் தலைவராக்கலாம்னு சபையில சொன்னாங்களே, அத நான் மறக்க மாட்டேன். ஆனா இன்னைக்கு நான் நின்னா ஓட்டு மூணாப் போயிரும். கக்கூஸ் வராது. எம் மக மாதிரி இன்னும் எத்தன புள்ளைங்க ஆஸ்பத்திரியில கிடக்கிறது? அதனால இன்னைக்கு நான் நிக்கலைங்க."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை.

"ஆனா அவங்க கேட்டது நல்ல கேள்வி. அத அப்படியே விட்டுறக் கூடாது" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "அக்கா, ரெண்டு வருசம் கழிச்சு அடுத்த தெரிவுல நான் தலைவரா நிப்பேன். அன்னைக்கு எனக்குச் சோடியா, உபதலைவரா, நீங்க நிப்பீங்களா? இங்க, எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

முன்னுக்கு இருந்த என் ஆட்கள் என்னை முறைத்துப் பார்த்தார்கள். ஐம்பது வீட்டார் நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை மாட்டிவிட்டாளே என்று. பிறகு அந்தக் கோபம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கே தெரிந்துபோயிற்று. அவருக்கு முன்னால் நிற்பது எனக்குச் சுகமாக இருந்தது, அவருக்குப் பின்னால் நிற்பதென்றால்தான் கசந்தது. 'வந்த ஆக்கள்' என்று வாயால் சொல்லாமல் விட்டுவிட்டேன், உள்ளுக்குள் விடவில்லை. அதை அந்த மனுசி எப்படியோ கண்டுபிடித்து, நூறு பேருக்கு முன்னால் வைத்துக் கேட்கிறார். அவர் கேட்டதில் பிழை ஏதாவது உண்டா? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"ஓம்" என்றேன். குரல் எழும்பவில்லை. பெரிய குரல்காரி நான், எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஓம், நிப்பன். இதைக் கூட்ட அறிக்கையில எழுதுங்கோ தம்பி."

இன்பாஸ் தம்பி எழுதினார். அதற்குப் பிறகு விழுந்த கைதட்டலில் கூரையில் இருந்த புறாவெல்லாம் எழும்பிப் பறந்தது. டினோஜா கதிரையில் ஏறி நின்று தட்டினாள்.

வாக்கு எண்ணி முடிய ஆறு மணியாயிற்று. தலைவருக்கு எனக்கு ஐம்பத்தெட்டு, கொறற்றி அக்காவுக்கு நாற்பத்தெட்டு. நான் துள்ளி எழும்பி யாரைக் கட்டிப் பிடித்தேனோ தெரியாது. உபதலைவரின் எண்ணிக்கையைப் பிறகு வாசித்தார்கள். கொறற்றி அக்காவுக்குச் சோடி நின்ற ஜெனிஸ்ராவுக்கு முப்பத்தைந்து. பாலம்மாவுக்கு எழுபத்தொன்று. என்னைவிடப் பதின்மூன்று கூட. ஊர்ப் பெண்களில் முப்பது பேருக்கு மேல் கொட்டகைக்கு வெளியே இருந்த அந்த மனுசிக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் பதின்மூன்று பேர் என்னை வேண்டாம் என்றுவிட்டு அவரை மட்டும் எடுத்திருக்கிறார்கள். உண்மையில் பார்த்தால் நான்தான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தேன்.

கொறற்றி அக்கா எழும்பி வந்து என்னைத் தாண்டிப் போய்ப் பாலம்மாவின் கையைப் பிடித்தார். "என்ர படகாக்கள் பாதிப் பேர் உங்களுக்குத்தான் போட்டிருக்கினம்" என்றார். "போட்டாங்கன்னா உங்களுக்குந்தான் நல்லது அம்மா. நீங்களும் அந்த மணல்லதான நிக்கிறீங்க" என்றார் பாலம்மா. கொறற்றி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோற்ற அன்று சிரிக்கிற மனுசியை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த ஒன்றரை வருடமும் லேசாகப் போகவில்லை. இடம் அளக்க வந்தவர்கள் இரண்டு தரம் திரும்பிப் போனார்கள். கிணற்றில் உப்புத் தண்ணீர் வந்தது. எனக்குக் கோபம் வந்து சங்கத்தை விட்டுப் போகிறேன் என்று நாலு தரம் சொல்லியிருப்பேன். "போங்க, ஆனா இந்தக் கடிதத்தில கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று கடதாசியை நீட்டுவார் பாலம்மா. கையெழுத்துப் போட்ட பிறகு போக மனம் வராது. கூட்டத்தில் நான் பிழையாக ஏதாவது சொன்னால் சபையில் ஒன்றும் சொல்ல மாட்டார். முடிந்த பிறகு வேப்ப மரத்தடியில் பிடித்து வைத்து ஒவ்வொன்றாகச் சொல்வார். பொய்யாக ஒருநாளும் என்னைப் புகழ்ந்ததில்லை. எனக்கு வாய்த்த நல்ல காலம் அது.

இந்த ஆனியில் கட்டி முடிந்தது. பெரிய கொட்டகை, தகரக் கூரை, எல்லோரும் இருக்க இடம். பின்னால் நாலு கதவு வைத்த மலசலகூடம், நல்ல தண்ணீர்த் தாங்கி. திறப்பு விழாவுக்கு நாடா வெட்டப் பெரிய ஆட்களைக் கூப்பிடலாம் என்று நான் நின்றேன். பாலம்மா நாடாவும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்றுவிட்டார். விடிய ஐந்து மணிக்கு வழமைபோல வேலைக்கு வந்தோம். யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்க அங்கே வெளியே என்று ஒன்று இருக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளியில் பாலம்மா தண்ணீர் வைத்திருந்தார். எல்லோரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை. பழகாத பழக்கம். நிஷாந்தி எழும்பிப் போய் ஒரு கோப்பை அள்ளிக் குடித்தாள். இன்னொன்று அள்ளினாள், அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள். அதைப் பார்த்து ஒருத்தி எழும்பினாள், பிறகு மற்றவள். ஏழு மணிக்கு முன் வாளி காலி. பாலம்மா நண்டு கழற்றிக்கொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை. கண்ணீர் வலையில் விழுந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

வரும் தை மாதம் தெரிவு. பாலம்மா அக்கா தலைவருக்கு நிற்கிறார், நான் அவருக்குச் சோடி. எதிர்த்து நிற்க இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. போன கிழமை பூசை முடிந்து வரும்போது என் ஆட்களில் ஒருத்தி வழி மறித்தாள்.

"உமக்கென்ன விசரே கிறிஸ்ரினா? தலைவரா இருந்திட்டு ஆரும் உபதலைவராப் போவினமே? பேசாமல் விட்டிட்டு வீட்டில இரும்."

முந்தியென்றால் அந்த இடத்திலேயே அவளை உரித்து உப்புப் போட்டிருப்பேன். எனக்குக் கோபமே வரவில்லை.

"உபதலைவர் எண்டா லேசான வேலையெண்டு நினைக்கிறீரோ?" என்றேன். "பாலம்மா அக்கா நிண்ட இடமெல்லோ அது. என்னால ஏலுமோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டு வாறன்."